அடியில் சுத்துற குழாய்... அளவு தப்பினா ஆபத்து! 'மசில்' காருக்கு ஷாஃப்ட் மாட்டுவது எப்படி?

அமெரிக்காவில் 1960-களில் சக்கைப்போடு போட்டவை 'மசில்' கார்கள். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.தான் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது என்பார்கள். அடுத்து டாட்ஜ் சார்ஜர், செவர்லே கமேரோ என்று வரிசை கட்டின. இந்தப் பழைய வண்டிகளை வாங்கி, எஞ்சினையும் கியர் பாக்சையும் மாற்றி ஓட்டும் மோகம் அங்கே இன்னும் குறையவில்லை. ஆனால் பலரும் கோட்டை விடுவது காரின் அடியில் கிடக்கும் ஒரு குழாயில்!

அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். நம்ம ஊர் லாரி, அம்பாசிடர் அடியில் சுத்துமே, அதே சங்கதிதான். கியர் பாக்சின் சுழற்சியைப் பின்னால் இருக்கும் கிரவுனுக்குக் கொண்டு போவது இதன் வேலை. இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயின்ட் இருக்கும்.

எவ்வளவு பாரம்?

1970 செவெல் காரின் எல்.எஸ்.6 எஞ்சினுக்கு முறுக்குவிசை 500 பவுண்டு-அடி. 'டர்போ 400' கியர் பாக்சின் முதல் கியர் இதைச் சுமார் இரண்டரை மடங்காக்கும். அத்தனையையும் தாங்குவது இந்தக் குழாயும், உள்ளங்கையில் அடங்கும் கிராசும்தான்.

அளவு எடுப்பது எப்படி?

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அளக்கவே கூடாது. வண்டியின் பாரம் முழுக்க சக்கரத்தில் இருக்கணும். கியர் பாக்சுக்குள் போகும் யோக்கை முழுசாகத் தள்ளி, பிறகு முக்கால் முதல் 1 அங்குலம் வெளியே இழுக்கணும். அதன் கிராஸ் மையத்தில் இருந்து கிரவுன் யோக்கின் கிராஸ் மையம் வரை எவ்வளவோ, அதுதான் நீளம்.

நீளம் கூடினால் பள்ளத்தில் விழும்போது ஷாஃப்ட் கியர் பாக்சை இடித்து உடைக்கும். குறைந்தால் யோக்குக்குப் பிடிமானம் போயிடும்.

பல்லும் பொருந்தணும்

'டர்போ 350' கியர் பாக்சுக்கு 27 பல். 'டர்போ 400'-க்கு 32 பல். ஒன்றின் யோக் மற்றதில் ஏறாது.

கிராசிலும் 1310, 1330, 1350 என்று சைஸ் உண்டு. 1310, 1330 இரண்டுக்கும் கப் ஒரே அளவு, ஆனால் 1330 அகலம் அதிகம். 1350-ன் கப் பெரிசு, பலமும் கூடுதல். முன்னும் பின்னும் சைஸ் மாறினால், இரண்டுக்கும் சேரும் கலப்பு கிராஸ் கிடைக்கிறது.

அதிர்வு ஏன்?

ஷாஃப்டின் இரு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் வெல்டிங் ஆகியிருக்கணும். கிராஸ் வளையும் கோணம் இரண்டு முனையிலும் சமமாக, 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதற்காகக் கோணமே இல்லாமல் விட்டாலும் சிக்கல்தான். கிராசுக்குள் இருக்கும் ஊசி பேரிங் அசையாமல் ஒரே இடத்தில் தேயும்.

ஓவர்டிரைவ் கியர் பாக்ஸ் போடுபவர்கள் உஷார்! 0.7 விகித கியரில் எஞ்சின் 5,000 சுற்று சுற்றினால், ஷாஃப்ட் 7,100 சுற்றைத் தாண்டும். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. நீளம் கூடக் கூட அந்த எல்லை குறையும். தாண்டினால் குழாய் சாட்டை மாதிரி வளைந்து ஆடி பிய்த்துக்கொள்ளும். தடிமனான குழாய், எடை குறைந்த அலுமினியம், கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்களுக்கு எல்லை அதிகம். எதுவானாலும் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது.

உயிர் காக்கும் வளையம்

ஓடும்போது முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கும். இல்லையென்றால் தளத்தைப் பிளந்து உள்ளே வரும். அதனால்தான் முன் கிராசில் இருந்து 6 அங்குலத்துக்குள் ஒரு இரும்பு வளையம் மாட்டுகிறார்கள். கால் மைலை 14 விநாடிக்குள் கடக்கும், ரேஸ் டயர் போட்ட கார்களுக்கு அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. பந்தய விதியே இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது.

கியர் போட்டதும் 'டக்' என்று சத்தம், வேகம் கூடினால் தளம் நடுக்கம்... இது இரண்டும் வந்தால் முதலில் கிராசைப் பாருங்க. அடியில் படுக்கும் முன் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்க, சக்கரத்துக்குக் கட்டை போடுங்க!