பயந்த நாய்க்குப் பொறுமையான வீடு: தத்துக் கொடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

'எல்லோரிடமும் வாலாட்டும், குழந்தைகளோடு நன்றாகப் பழகும்.' வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாயைப் பற்றி இப்படிப் போட்டால் உடனே யாராவது அழைப்பார்கள். ஆனால் நீங்கள் மீட்டு வந்த நாய் நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது என்றால்? அந்தப் பயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றும். விடாதீர்கள். இந்த நாய்க்கு அன்பான வீடு கிடைத்தால் மட்டும் போதாது, அவசரப்படாத வீடாகவும் இருக்க வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கவனம்?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்கள் சுமார் 1.53 கோடி. தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவு, விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: அந்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு. பசியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம்.

ஆக, 'செட் ஆகலைன்னா திரும்ப விட்டுடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பயந்த நாய் புது இடத்தில் கதவைத் தாண்டி ஓடிவிட்டால், தெரியாத தெருவில் யார் கூப்பிட்டாலும் அது வராது.

நாய் ஏன் பயப்படுகிறது?

'பாவம், யாரோ அடிச்சிருப்பாங்க' என்பதுதான் நம் முதல் ஊகம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிறந்த 3-வது வாரத்திலிருந்து சுமார் 14-வது வாரம் வரையிலான காலத்தில்தான் நாய்க்குட்டி மனிதர்களையும் ஓசைகளையும் இடங்களையும் 'இது ஆபத்தில்லை' என்று பழகிக்கொள்கிறது. அப்போது பார்க்காத எதுவும் பின்னால் மிரட்டும். தெருவில் வளர்ந்த நாய்க்கு லிஃப்ட், மிக்ஸி, குக்கர் விசில், வழுக்கும் டைல்ஸ் தரை எல்லாமே புதுசு.

வாலைக் காலுக்கிடையில் ஒடுக்குவது, திரும்பத் திரும்ப உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் பயத்தின் அடையாளங்கள். அசையாமல் உறைந்து நிற்பதும் அப்படித்தான். அதை 'சமத்து' என்று நினைத்து அணைக்கப் போனால், தப்பிக்க வழியில்லாத நாய் கடிக்கலாம்.

பதிவில் என்ன எழுதுவது?

'கொஞ்சம் கூச்ச சுபாவம்' என்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. இரண்டு வாரம் உங்கள் வீட்டிலோ தற்காலிகப் பராமரிப்பாளர் வீட்டிலோ வைத்துக் கவனித்து, பார்த்ததை அப்படியே எழுதுங்கள். புதியவர் வந்தால் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும்? யார் கையிலிருந்து சாப்பிடும்? இன்னொரு நாய் பக்கத்தில் இருந்தால் தைரியம் வருகிறதா? அழைப்புகள் குறையும், ஆனால் வருகிறவர்கள் விஷயம் தெரிந்து வருவார்கள்.

வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• முதல் இரண்டு வாரம் வீட்டில் யார் இருப்பார்கள்? காலை 9 மணிக்குப் பூட்டி இரவு 9 மணிக்குத் திறக்கும் ஃபிளாட் இந்த நாய்க்குச் சரிவராது.

• வாடகை வீடா? குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்கிறது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். வீட்டு உரிமையாளரோடு போடும் ஒப்பந்தம் வேறு விஷயம். அவருடைய சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். வேலை மாறி வேறு ஊர் போனால் நாயும் கூடப் போகுமா?

• வாசல் கதவைத் திறந்தால் நேராகத் தெருவா, நடுவில் இன்னொரு கேட் இருக்கிறதா?

• சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா? துரத்தாமல், தூக்காமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்களா?

• தீபாவளி அன்று என்ன செய்வீர்கள்? பட்டாசுச் சத்தத்தை யோசித்து வைத்திருப்பவர் மற்றதையும் யோசித்திருப்பார்.

• மூன்று மாதம் தொடவே விடவில்லை என்றால்? இதுதான் முக்கியமான கேள்வி. 'என்கிட்ட வந்தா ஒரே வாரத்துல சரியாயிடும்' என்பவரிடம் நிதானமாகப் பேசிப் பாருங்கள். 'பரவாயில்லை, அது எங்கே படுத்தால் நிம்மதியாக இருக்கும்?' என்று திருப்பிக் கேட்பவர் நீங்கள் தேடும் ஆள்.

கொடுத்த பிறகு?

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் 'இது என் வீடு' என்ற நினைப்பு வரும் என்று நாய் மீட்பில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. இது விதியல்ல, பயந்த நாய்க்கு இன்னும் நீளலாம். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையை அதற்கென ஒதுக்கச் சொல்லுங்கள். விருந்தினரை வரவழைத்துக் காட்ட வேண்டாம். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தால் போதும், அதுவாக வரட்டும். வெளியே போகும்போது கழுத்துப்பட்டை, ஹார்னெஸ் இரண்டிலும் கயிறு இருக்கட்டும். பயந்து பின்னால் இழுக்கும் நாய் கழுத்துப்பட்டையிலிருந்து எளிதாக உருவிக்கொள்ளும்.

கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி ஆவணங்களையும் சேர்த்துக் கொடுங்கள். சென்னை, மும்பை, டெல்லி போன்ற நகரங்களில் மாநகராட்சி உரிமமோ பதிவோ தேவை. 'வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாரிடமும் தராமல் என்னிடமே திருப்பித் தர வேண்டும்' என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

நாலு பேரிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டி வரலாம். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் தவறான வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் நாய்க்கு, மனிதர்களை நம்புவது இன்னும் கஷ்டம். அதைவிட உங்கள் கட்டிலுக்கு அடியில் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும்.