மூர் என்ற பெயரும் பொகவந்தலாவைக் கல்லறையும்

லண்டனில் இருக்கும் மகள் "வாப்பா, இந்த முறை வந்தே ஆகணும்" என்று பயணச்சீட்டையும் அனுப்பிவிட்டபோது எனக்கு அறுபத்தாறு வயது. டயகம பஸாரில் விடயம் பரவ ஒரு நாள்கூட எடுக்கவில்லை. "அங்க என்ன சேர் பார்க்கப் போறீங்க? பெரிய மணிக்கூடு, ராசாட மாளிகை, அவ்வளவுதானே" என்றார் தேநீர்க் கடைக்காரர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன் நான். சரித்திரப் புத்தகத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சி வரும் இடத்தை, "இது பரீட்சைக்கு வராது" என்று தாண்டிப்போன ஆசிரியரிடம் படித்தேன். பின்னர் நானும் ஆசிரியரானேன். அதே இடத்தை அதே வார்த்தையைச் சொல்லித் தாண்டினேன்.

பயணத்துக்கு நான்கு மாதங்கள் இருந்தன. அந்தக் கடனை அதற்குள் கொஞ்சமாவது அடைத்துவிடலாம் என்று தோன்றியது. மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கியவை, மகளின் வற்புறுத்தலால் கைத்தொலைபேசியில் வாசிக்கப் பழகியவை என்று படிப்பு தொடங்கியது. ஐரோப்பா எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறது என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே கலைந்துவிட்டது. அது எங்கள் பஸ் பாதையிலேயே இருந்தது.

அக்கரப்பத்தனையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பெல்மோரல், வேவர்லி, கிளாஸ்கோ, டொரிங்டன், அல்பியன், ஹோட்வில். டயகமக்கு மேலே ஏறினால் ஹோட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயர் அது. பிறந்ததிலிருந்து இந்தப் பெயர்களைச் சொல்லி வளர்ந்த எனக்கு, வேவர்லி என்பது வோல்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட நாவலின் பெயர் என்பது அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது. பறிபோன சிம்மாசனத்தை மீட்க 1745இல் எழுந்த கிளர்ச்சியும், அதில் ஸ்கொட்லாந்து மலைநாட்டவர் சேர்ந்ததும்தான் அந்த நாவலின் களம். அடுத்த ஆண்டே கலோடனில் அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பின் வந்த நூறு ஆண்டுகளில் அம்மலைநாட்டுக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் நிலங்களிலிருந்து எழுப்பப்பட்டார்கள். செம்மறியாடு வளர்த்தால் நிலவுடைமையாளருக்கு வருமானம் அதிகம் என்பதே காரணம். அந்த ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்த இளைஞர்தான் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர் அவர். தேயிலை வந்த கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். டெய்லர் விட்டுவந்த நாட்டில் மலைநாட்டவருக்கு என்ன நடந்தது என்று ஒருமுறையும் சொன்னதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலைநாட்டவரின் பிள்ளைகள் என் முன்னால் வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். சொல்லியிருந்தால் அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

டொரிங்டன் கதை வேறு. 1847இல் இங்கு தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். 1848இல் மாத்தளையில் கலகம் வெடித்தது. புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த கொடுமைகள் லண்டன் பாராளுமன்றம் வரை போய், 1850இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார். இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். அதே 1848இல் பாரிஸ், வியன்னா, பெர்லின் நகரங்களும் கிளர்ந்தெழுந்தன என்பதைத்தான் இதனோடு சேர்த்து யோசித்ததில்லை. எமது சரித்திரம் ஒரு புத்தகம், அவர்களது இன்னொரு புத்தகம் என்றே படித்திருந்தோம்.

ஹோட்வில் என்ற பெயர் என்னை இன்னும் தூரம் இழுத்துக்கொண்டு போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலித் தீவை ஆண்ட நோர்மன் அரச குடும்பத்தின் பெயரும் அதுவே. தோட்டத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உறவு இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பெயர் ஒற்றுமை ஒரு கதவைத் திறந்தது, அவ்வளவே. அக்குடும்பத்து அரசன் இரண்டாம் ரோஜர் ஒரு கிறிஸ்தவன். முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட தீவை ஆண்டவன். பலெர்மோவில் அவன் கட்டிய அரண்மனைத் தேவாலயத்தின் கூரை முஸ்லிம் கைவினைஞர் பாணியில் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்ட மரவேலை. அவனுடைய அவையில் இருந்துகொண்டுதான் அல்-இத்ரீஸி உலகப் புவியியல் நூலை அரபியில் எழுதி 1154இல் முடித்தார். துறைமுகத்துக்கு வந்த பயணிகளிடம் அரசனும் அவருமாக விசாரித்து விசாரித்து, பதினைந்து ஆண்டுகள் போல் உழைத்தார்களாம். அதில் எங்கள் ஸரந்தீபும் உண்டு. ஸரந்தீப் மன்னனுக்குப் பதினாறு அமைச்சர்கள், அவர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர், நால்வர் கிறிஸ்தவர், மீதி நால்வர் மன்னனின் சமயத்தவர் என்று எழுதுகிறார். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு கேள்வி. ஆனால் இந்தத் தீவைக் கண்ணால் பாராமலே, கேட்டுக் கேட்டுப் படித்த அந்த மனிதரிடம் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. அவர் பலெர்மோவில் இருந்து ஸரந்தீபைப் படித்தார். நான் டயகமயில் இருந்து பலெர்மோவைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் படிப்பின் நடுவில் கடவுச்சீட்டுக்காக எனது பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டி வந்தது. இனம் என்ற இடத்தில் இலங்கைச் சோனகர் என்றிருந்தது. ஆங்கிலத்தில் மூர். வாப்பாவின் பழைய அலுமாரிக்கு முன்னால் நின்று அந்தச் சொல்லை முதற்தடவையாக உற்றுப் பார்த்தேன்.

மூர் என்ற சொல்லின் வேர் இலத்தீன். வட ஆபிரிக்காவின் மவுரித்தானியா மாகாணத்தவரை ரோமர் அழைத்த பெயர் அது. 711இல் அந்தக் கரையிலிருந்து கடல் கடந்து ஸ்பானியாவுக்குள் முஸ்லிம்கள் நுழைந்த பின், ஐபீரிய மக்கள் வாயில் முஸ்லிம் என்றாலே மோரோ, மௌரோ என்றாயிற்று. 1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடா வீழ்ந்தது. ஆறே ஆண்டுகளில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார். அங்கே போர்த்துக்கேயரை முதலில் எதிர்கொண்டவர்கள் தூனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர். ஸ்பானிய மொழியிலேயே பேசி, உங்களை இங்கே கொண்டுவந்தது எந்தச் சைத்தான் என்ற பொருளில் அவர்கள் வரவேற்றதாகப் போர்த்துக்கேயரின் பயணக் குறிப்பே சொல்கிறது. சண்டை பழையது, இடம் மாத்திரமே புதிது. சில ஆண்டுகளில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், துறைமுகங்களில் கண்ட எம் முன்னோரையும் அதே பெயரால் அழைத்தார்கள். தமிழ் பேசி, இங்கேயே குடும்பம் நடத்தி, பாக்கும் கறுவாவும் விற்றுக்கொண்டிருந்த மனிதர்கள் கிரனாடாவைக் கண்டவர்களல்லர். எனினும் அந்தப் பகை அவர்கள் தலையில் பெயராக இறங்கியது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும், கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கிழக்கில் குடியேற்றியதும் வாசகர் அறிந்தவை. அதற்குச் சற்று முன்னர், 1609 முதல் 1614 வரை, ஸ்பானியாவில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்கள் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தப்பட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் 1626ஐ முழுதாக விளங்கிக்கொள்ள முடியுமா என்று இப்போது யோசிக்கிறேன்.

சரி, சோனகர் என்பதாவது எமது சொல்தானே? அது யவனர் என்பதன் திரிபென்று அறிஞர் கூறுவர். யவனர் என்பதோ, இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்கர் வாழ்ந்த அயோனியாவின் பெயர். ஆக, என் சான்றிதழில் உள்ள இரண்டு பெயர்களும் மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலிருந்து வந்தவை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நாங்கள் யார் என்று சொன்னதும், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதியதும், அதன் அரசியலும் இப்பக்கங்களில் பலமுறை பேசப்பட்டவை. அவ்வாதத்துக்குள் நான் போகவில்லை. பெயரின் பயணத்தை மாத்திரம் சொன்னேன்.

இனி ஓவியம். இது எனக்குக் கஷ்டமான பகுதி. பள்ளிவாசலில் ஹஸ்ரத், "மாஸ்டர், சிலையும் உருவப்படமும் பார்க்கவா இவ்வளவு படிப்பு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வியில் பாதி விளையாட்டு, பாதி உண்மை. நானும் கூச்சத்தோடுதான் தொடங்கினேன். கொம்பிரிச் எழுதிய புகழ்பெற்ற கலை வரலாற்று நூலில் இஸ்லாமியக் கலைக்கும் சீனக் கலைக்குமாகச் சேர்த்து ஒரேயொரு அத்தியாயம்தான் இருந்தது. கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் மற்ற அத்தியாயங்களின் படங்களுக்குள்ளேயே நாம் இருக்கிறோம் என்பது போகப் போகத் தெரிந்தது.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் ஹோல்பைனின் 'தூதர்கள்' ஓவியத்தில் (1533) மேசைமேல் விரித்திருப்பது துருக்கிக் கம்பளம். அதே கூடத்தைச் சேர்ந்த சுல்தான் முஹம்மது பாத்திஹின் உருவப்படத்தில் 1480 என்று தேதியிட்டிருக்கிறது. வெனிஸ் ஓவியர் பெல்லினி இஸ்தான்புல்லுக்குப் போய் வரைந்தது. ஆனால் என்னை நிறுத்தியது இத்தாலியர் ஜென்டீலே ட ஃபப்ரியானோ 1423இல் வரைந்த ஓவியம். அதில் மர்யம் (அலை) அவர்களின் தலையைச் சுற்றியுள்ள பொன் ஒளிவட்டத்தில் அரபு எழுத்துக்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அலிப், லாம் என்று எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். வாசிக்க முடியவில்லை. முடியாது, ஏனெனில் அவை எழுத்தே அல்ல. எகிப்திலிருந்து வந்த பித்தளைத் தட்டுகளின் அலங்காரத்தைப் பார்த்து, பொருள் தெரியாமல், அழகுக்காகவும் புனிதத்துக்காகவும் வரைந்த கோடுகள். என் உம்மம்மா தமிழை அரபு எழுத்தில் எழுதியவர். அவர் எழுதியதை அரபிக்கு விளங்காது, தமிழருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓசை இருந்தது. புளோரன்ஸின் எழுத்துக்கு ஓசையே இல்லை. எழுத்தை இப்படியும் நேசிப்பார்களா என்று வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மர்யம் அவர்களை ஐரோப்பியர் வரைந்த விதம் ஓரளவு பிடிபட்ட பின்னர்தான் ஜூலியா மார்கரெட் கமரனை விளங்கிக்கொண்டேன். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். நாற்பத்தெட்டு வயதில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளிக்க, கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக மாற்றிப் படம் பிடிக்கத் தொடங்கினார். இத்தாலிய ஓவியங்களை மனதில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியரை மர்யமாக இருத்திப் பிடித்த படங்கள் அவருக்குப் பெயர் தந்தன. டெனிசனும் டார்வினும் அவர் முன்னால் அமர்ந்தார்கள். தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இலேயே அவர் படங்களை வாங்கியது. கணவர் சார்ல்ஸ் ஹே கமரன் நமக்கு வேறு வழியில் பழக்கமானவர். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என்று நான் பல வருடம் படிப்பித்த அதே கமரன். இராஜகாரியத்தை ஒழித்த 1833இன் சீர்திருத்தம். அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், 1875இல், இருவரும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுவந்தார்கள், அவற்றுக்குள் பீங்கானும் கண்ணாடியும் அடைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

இலங்கையில் அவர் பிடித்ததில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோத்தின் படத்தில் அவர் பெயர் இருக்கிறது. இங்கிலாந்துப் பணிப்பெண்ணான மேரி ஹிலியருக்கும் பெயர் இருக்கிறது. 1878இல் எடுத்த இன்னொரு படத்தில் இருப்போருக்கு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே பெயர். நேராக எம்மைப் பார்க்கும் அந்த முகங்களை ஒளி தொட்டிருக்கும் விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேரி ஹிலியருக்குக் கொடுத்த அதே கவனம். பெயரை மட்டும் எழுதவில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் பதிந்து, ஒரு நாள் பிந்தினாலும் பெயரை வெட்டிய காலத்தில், படத்தில் பெயர் இல்லாமல் போனது ஏன்?

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு பொகவந்தலாவைக்குப் போனேன். மலைக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் பஸ்ஸில் தலவாக்கலை, ஹற்றன், நோர்வூட் என்று சுற்ற வேண்டும். சென். மேரிஸ் தேவாலயத்தின் மையவாடியில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஜூலியா 1879 ஜனவரியில், கணவர் அடுத்த ஆண்டு. சுற்றிலும் தேயிலை. கொழுந்து எடுத்துவிட்டு அந்த வழியாக வந்த ஒரு அம்மா நின்று விசாரித்தார்.

"யாருங்க சேர், ஒங்க சொந்தமா?"

"இல்லம்மா. படம் பிடிச்சவங்க."

"யாரப் பிடிச்சாங்க?"

"பெரிய பெரிய ஆக்கள. நம்ம ஆக்களையும்."

"நம்ம ஆக்களா? பேரு போட்டிருக்கா?"

மழை பிடித்துக்கொண்டது. அவர் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்றிரவு மகள் தொலைபேசியில், வந்தவுடன் முதலில் எங்கே போக ஆசை என்று கேட்டாள். தென் கென்சிங்டன் என்றேன். "நல்லம் வாப்பா, ஆனா மழைக் கோட்டு ஒன்று மறக்காமக் கொண்டாங்க, இங்க சும்மா சும்மா மழை பெய்யும்" என்றாள், டயகமயில் பிறந்தவள்.