தீர்ந்தது என்று யார் சொன்னது?

கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்குப் போச்சம்பள்ளி என்றால் முதலில் வாரச்சந்தைதான். வாங்கிய ஆட்டில் குறை இருந்தால் அடுத்த வாரம் அதே ஆளைத் தேடிப் பிடித்து, “என்னப்பா, இப்படிப் பண்ணிட்ட?” என்று கேட்டுவிடலாம். அந்த ஊர்ப் பக்கம் 2021-இல் ஓலாவின் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தது. அங்கே வண்டி செய்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. இப்படிப்பட்ட தொழில்களில் இருவருக்கும் நடுவே நிற்பது ஒரு டிக்கெட் எண்.

அந்த எண்ணுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. 1909-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், அழைப்புகள் வந்து சேரும் விதத்துக்குக் கணிதம் எழுதினார். எத்தனை அழைப்புக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கால் சென்டர்கள் இன்றும் அவர் வழியில்தான் கணக்குப் போடுகின்றன. 1970-களில், காத்திருக்கும் அழைப்பைக் காலியாக உள்ள ஊழியருக்குத் தானாகத் தள்ளிவிடும் கருவிகள் அமெரிக்க விமான நிறுவனங்களில் நுழைந்தன. யாரிடம் அனுப்புவது என்பதை மட்டும்தான் இயந்திரம் பார்த்தது. என்ன செய்வது என்பது மனிதர் கையில் இருந்தது.

அந்த எல்லை அழிந்த கதையில் சென்னைக்கும் பங்குண்டு. ஜோஹோவில் இருந்த கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது டிவி உடைந்து வந்தது. காப்பீட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. விஷயத்தை இணையத்தில் பொதுவில் எழுதினார். சீக்கிரமே பணம் வந்துவிட்டது. 2010-இல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அவர் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்.

அதன் ஆரம்பகாலத் தானியங்கி விதிகளுக்கு டிஸ்பேச்சர், அப்சர்வர், சூப்பர்வைசர் என்று பெயர். முதலும் கடைசியும் ஓசூர் சிப்காட்டில் சம்பளம் வாங்கும் மனிதர்களின் பதவிப் பெயர்கள்! டிஸ்பேச்சர், புதுப் புகாரை உரிய குழுவுக்குப் பிரித்து அனுப்பும். அப்சர்வர், டிக்கெட்டில் ஏதாவது மாறினால் விழித்துக்கொள்ளும். சூப்பர்வைசர் மணிக்கு ஒருமுறை ரவுண்ட்ஸ் வரும். எல்லாமே ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற வாக்கியங்கள்தான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும் அமைப்பில், ‘ஸ்கூட்டர் என்றால் பொதுக்குழு’ என்பதை மேலே வைத்துவிட்டால், கீழே இருக்கும் ‘பேட்டரியில் புகை என்றால் அவசரம்’ என்ற விதிக்கு வேலையே வராது. விதியின் வரிசை ஒருவரின் தலைவிதி ஆகிவிடும்.

மென்பொருளோடு மாதிரியாகவே வந்த ஒரு விதி உண்டு: ஊழியர் ‘தீர்ந்தது’ என்று குறித்த டிக்கெட்டை 48 மணி நேரம் கழித்துத் தானாக மூடிவிடு. வேலை பார்க்கிறவருக்கு அது வசதிதான். ஆனால் அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: மௌனம் சம்மதம். அலுத்துப்போனவனும் மௌனமாகத்தானே இருப்பான்?

தானியங்கி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1924-இல் சகிச்சி டொயோடா கொண்டுவந்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தவறு தெரிந்தால் நிற்பதுதான் அந்தத் தறியின் புத்திசாலித்தனம். அந்த யோசனை டொயோட்டா கார் ஆலைக்கும் போனது; அங்கே எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். ஜப்பானியத் தர மரபு ஓசூருக்கும் புதிதல்ல. 1980-இல் இங்கிருந்து டிவிஎஸ் 50-ஐ வெளியே அனுப்பிய நிறுவனம் 2002-இல் டெமிங் பரிசு வாங்கியது.

2024 அக்டோபரில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரே வருஷத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் புகார் வந்ததைச் சுட்டி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 10,644 புகார்களில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் சொன்னது. அடுத்த மாதமே ஆணையம் விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டது. அவர்கள் எந்த மென்பொருள் வைத்திருந்தார்கள் என்பதல்ல என் கேள்வி. ‘தீர்ந்தது’ என்ற சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு?

விதி எழுதும் வேலையில் இருக்கிற தம்பி தங்கைகள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆள் மூன்றாவது முறை வந்தால் எல்லா விதியும் நிற்கட்டும். ஒரு மனிதர் போனை எடுத்து, “என்ன ஆச்சு, சொல்லுங்க” என்று கேட்கட்டும். அறுந்த நூலுக்குத் தறியே நிற்கிறதே.