கோட்டை வாயிலும் குதிரை லாயமும்

பாலக்காட்டு நகரின் நடுவே அகழிநீர் சூழ நிற்கும் கோட்டையை அறியாதார் நம் சங்கத்தில் இலர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அதுவே. பாலத்தைக் கடந்து, வாயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளிருக்கும் ஆஞ்சநேயரை வணங்கித் திரும்புகிறோம். ஆயின், கோட்டைக்கும் நகரமன்றத்துக்கும் இடையே உள்ள பெருவெளியை நம்மில் எவரும் நின்று நோக்குவதில்லை. கோட்டை மைதானம் என்று பெயர் பெற்ற அவ்வெளியில் இன்று பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகின்றனர். பொருட்காட்சிகளும் பொதுக்கூட்டங்களும் நடைபெறுகின்றன. திப்பு சுல்தானின் படை யானைகளும் குதிரைகளும் கட்டப்பட்டிருந்த லாயம் அங்கேதான் இருந்தது என்பது ஊரில் வழிவழியாக வழங்கும் செய்தி.

வாயில் நிற்கிறது, லாயம் இல்லை. இது ஏன் என்னும் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் கோட்டையின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1757ஆம் ஆண்டில், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படையெடுப்பை எதிர்கொள்ள இயலாத பாலக்காட்டு அச்சன், மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி வேண்டினார். உதவிக்கு வந்த படை, மேற்கு மலைத்தொடரின் பெரிய கணவாய் எத்தகையது என்பதையும் கண்டுகொண்டது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இக்கணவாயைக் கைக்கொண்டவனுக்கே கோயம்புத்தூரும் மேலைக் கடற்கரையும் ஒருசேர எட்டும். எனவே 1766இல் ஹைதர் இக்கோட்டையை எழுப்பினார். மக்கள் வழக்கில் மகன் பெயரால் திப்புவின் கோட்டை என்று நின்றுவிட்டாலும், கட்டியவர் தந்தையே. 1768இல் கர்னல் வுட் இதனைப் பிடித்தார். சில திங்களில் ஹைதர் மீட்டார். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் 11 நாள் முற்றுகைக்குப் பின் கைப்பற்றினார். மறு ஆண்டே கைவிட நேர்ந்தது. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்தபின் கோட்டை ஆங்கிலேயர் வசமே நிலைத்தது.

இத்தனை முற்றுகைகளையும் தாங்கியது எவ்வகைக் கட்டிடம்? சதுரமாக அமைந்த தடித்த மதில், நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கொத்தளம், நாற்புறமும் அகழி. இவற்றுள் வாயிலே நுட்பமான உறுப்பு. மதிலுக்கு வலிமை மட்டும் போதும். வாயிலுக்கோ இரு முரண்பட்ட கடமைகள் உண்டு. நண்பனை உள்ளே விடவேண்டும், பகைவனைத் தடுக்கவேண்டும். அதனாலன்றோ கோட்டை கட்டியோர் தம் முழுத் திறனையும் வாயிலில் காட்டினர்! பாலக்காட்டில் முன்பு அகழியின் மேல் தூக்குபாலம் இருந்தது. நிலையான பாலம் பின்னர் வந்தது. கதவில் இருப்பு முனை பதித்து யானையின் மோதலைத் தடுப்பதும், நுழைவழியை வளைத்துப் பகைப்படையின் விரைவைக் குறைப்பதும், இருமருங்கும் காவலர் அறை அமைப்பதும் தக்காணத்துக் கோட்டைகள் பலவற்றில் காணும் முறைகளாம்.

லாயத்தின் இலக்கணம் இதனின் வேறு. அது வரிசைக் கட்டிடம். ஒரே அளவான அறைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும். அறைக்கும் அறைக்கும் இடையே பொதுச்சுவர். எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. வாயில்கள் எல்லாம் ஒரே திசை நோக்கும். குறைந்த செலவில் நிறைந்த உயிர்களை அடக்குவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. தமிழில் குதிரை கட்டும் இடத்துக்குப் பந்தி என்னும் பெயரும் உண்டு. பந்தி என்றால் வரிசை. திருமண வீட்டில் நாம் உண்ண அமர்வதும் பந்தியே. கட்டிடத்தின் வடிவமே அதன் பெயராயிற்று என்க.

ஒரு கோட்டை லாயமின்றி ஒருநாளும் வாழ்ந்ததில்லை. கொள்ளு வேகவைக்க ஒருவர், புல் அறுக்க ஒருவர், லாடம் அடிக்க ஒருவர், சாணம் அள்ள ஒருவர் எனப் பலர் அங்கே உழைத்திருக்க வேண்டும். படைத்தலைவர் பெயர்களை நாம் மேலே ஆண்டுடன் எழுதினோம். அவர்தம் குதிரைக்கு நீர் காட்டியவர் ஒருவர் பெயரையேனும் எழுத நம்மால் இயலவில்லை.

மன்னன் விரும்பினால் லாயமும் நிலைக்கும். ஹம்பியில் உள்ள யானைக் கொட்டில் இதற்குச் சான்று. உயர்ந்த வில்வளைவு வாயில்களுடன் 11 கூடங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. நடுவே ஒன்று, இருபுறமும் ஐந்தைந்து. மேலே வெவ்வேறு வடிவிலான குவிமாடங்கள். அரசப் பெருமைக்குரிய யானைகளுக்காகக் கல்லும் சுண்ணாம்பும் செலவிட்டனர், அது நின்றது. நம் செஞ்சியிலும் கல்யாண மகாலின் அருகே வில்வளைவு அறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் குதிரை லாயம் என்பாரும் உளர்; படைவீரர் விடுதி என்பாரும் உளர். குதிரைக்கும் வீரனுக்கும் கட்டிய அறையில் வேறுபாடு தெரியாமையின் இவ்வையம் எழுந்தது போலும்!

கடல் கடந்தும் இதே கதைதான். பிரித்தானியத் தீவின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டை வென்ற ஆங்கில மன்னன் முதலாம் எட்வர்டு, 1280களில் ஹார்லெக் என்னும் ஊரில் ஒரு கோட்டை கட்டினான். அதன் வாயில்மாளிகை ஓர் அரண்மனைக்கு நிகராக இன்றும் ஓங்கி நிற்கிறது. உள்முற்றத்துக் கட்டிடங்களோ அடித்தளமாகவே எஞ்சியுள்ளன. அந்நாட்டிலேயே டிரெடிகார் என்னும் பிரபு மாளிகையில், செங்கல்லால் எடுத்த குதிரை லாயம் மாளிகையோடு ஒப்பிடத்தக்க எழிலுடன் நிலைத்துள்ளது. அதே வேல்ஸில் நிலக்கரி வெட்டியவர்களுக்கு மலைச்சரிவுகளில் கிடைத்தவை ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். 1966 அக்டோபர் 21ஆம் நாள் அபர்பான் என்னும் சிற்றூரில், மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து, ஒரு பள்ளியையும் அதனருகே இருந்த வரிசை வீடுகளையும் மூடியது. 144 பேர் மாண்டனர்; அவருள் 116 பேர் குழந்தைகள்.

இதனைப் படிக்கும்போது இடுக்கி மலையிலிருந்து நம் சங்கத்துக்கு வரும் குடும்பத்தார்க்கு நெஞ்சு கனக்கும். 1877இல் மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்ற பின், மலைகள் படிப்படியாகத் தோட்டங்கள் ஆயின. போடி வழியாகவும் கம்பம் வழியாகவும் நம் முன்னோர் மலையேறினர். துரைமார்க்கு மேட்டில் தனித்த பங்களா. தொழிலாளர்க்குச் சரிவில் வரிசை வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னே சிறு திண்ணை. பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர், எல்லார்க்கும் ஒரே கூரை. அதன் பெயர் லயம்.

குதிரை நின்ற இடம் லாயம். தொழிலாளி வாழ்ந்த இடம் லயம். பின்னது லைன் என்னும் ஆங்கிலச் சொல் திரிந்தது என்பர். ஆகவே இரண்டும் ஒரு வேரின அல்ல. ஆயினும் லைன் என்றாலும் வரிசை. பந்தி என்றாலும் வரிசை. சொற்பிறப்பு வேறாயினும் கட்டிட இலக்கணம் ஒன்றே என்பதை மறைத்துப் பயனில்லை. ஹம்பி யானைக்குக் கிடைத்த கல்லும் சுண்ணாம்பும் அந்த வீடுகளுக்குக் கிடைக்கவில்லை.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை அடித்துச் சென்றது. உறங்கியவருள் 70 பேர் உயிரிழந்தனர். அவருள் நால்வர் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் நம்மைப் போல் தமிழ்நாட்டில் வேர் கொண்ட குடும்பத்தினர். ஒரு வரிசைக் கட்டிடம் வீழும்போது ஒரு வீடு வீழ்வதில்லை. ஒரு தெருவே வீழ்கிறது.

இனி நாம் செய்யக்கூடியது யாது? நாம் அலுவலக எழுத்தர்; கோட்டை கட்டவும் மலையைத் தாங்கவும் நம்மால் ஆகாது. பாலக்காட்டுக் கோட்டையே 1900களின் தொடக்கத்தில் தாலுகா கச்சேரியாக இருந்தது. அங்கும் நம் போன்றோர் அமர்ந்து பதிவேடு எழுதியிருப்பர். பதிவேடு எழுதுதல் நாம் அறிந்த தொழில். எனவே ஒரு வேண்டுகோள். லயத்தில் பிறந்தோரும் வாழ்ந்தோரும் நம்மிடையே பலர் உளர். உங்கள் லயத்தில் எத்தனை வாயில், உங்கள் பாட்டனாரின் வாயில் எத்தனையாவது, அடுப்பு எந்த மூலையில், அண்டை வீட்டில் யார் யார் என்பதை ஒரு தாளில் வரைந்து, பெயர்களுடன் சங்கத்தில் கொடுங்கள். நாம் அதனைப் படியெடுத்துக் காப்போம்.

அடுத்த முறை விருந்தினரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது வாயிலைக் காட்டுமுன் மைதானத்தில் சற்று நிற்போம். ஒரு லாயம் தடமின்றிப் போனது போல் நம் லயங்களும் போகாதிருக்க வேண்டுமானால், அவற்றில் வாழ்ந்தவர் பெயர்களை நாமே எழுதி வைத்தல் வேண்டும்.