சாவாத ஆடும் பஞ்சாயத்துக் காத்தாலையும்

காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாற்றங்கரையில இருக்கு மாகறல். திருஞானசம்பந்தர் பாடின தலம். இந்தப் பக்கம் வெளியூர்க்காரங்க வந்தா ஒண்ணு சாமி கும்பிட, இல்லைன்னா உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க. அந்தக் கல்வெட்டுன்னாலே எல்லாரும் தேர்தல் பத்தித்தான் பேசுறோம். நான் சொல்ல வர்றது காசு பத்தி :-)

குப்பை அள்ளணும், தெருவிளக்கு எரியணும், ஏரி தூர் வாரணும். வண்டியோ சோலார் விளக்கோ ஒரு தடவை வாங்கித் தர ஆள் கிடைச்சிடும். பேட்டரி போனா மாத்துறதுக்கும் மாசாமாசம் கூலி கொடுக்கறதுக்கும் யார் தருவா? அங்கதான் பாதித் திட்டம் படுத்துடும்.

இந்தக் கேள்விக்கு நம்ம ஆளுங்க ஆயிரம் வருஷம் முன்னாடியே ஒரு பதில் வச்சிருந்தாங்க. கோயில்ல நந்தா விளக்கு எரிய, ஒருத்தர் 90 இல்ல 96 ஆடு கொடுப்பார். அதை மேய்க்கிறவர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும். கிழடாகிற ஆட்டுக்குப் பதிலா குட்டி வளர்ந்துடும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனாலதான் பேரே 'சாவா மூவாப் பேராடு'. முதலைத் தொடாதே, பலனை மட்டும் எடு. ஏரிக்கும் இதே கதைதான். சபைகிட்ட பொன்னைப் போட்டு, வட்டியில வருஷா வருஷம் தூர் வாரச் சொன்ன கல்வெட்டுகள் உண்டு.

சரி, அந்தப் பொன்னை யாராவது முழுங்கிட்டா? உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின விதிகள்ல அதுக்கும் வழி இருக்கு. ஏரி வாரியம், பொன் வாரியம்னு தனித்தனிக் குழு. பதவி 360 நாள். இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவர் பேரைக் குடத்துல போடக் கூடாது. அவர் மட்டுமில்ல, அவரோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது! ஆனா ஒண்ணு, அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களோட சபை. ஏரியில மண் சுமந்தவங்களுக்கு அங்க ஓலை கிடையாது. அதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தோட சிறுமானியத் திட்டம் 1992ல ஆரம்பிச்சது. வளரும் நாடுகள்ல ஊர்க் குழுக்களுக்கே நேராப் பணம். பல வருஷமா ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 50,000 டாலரா இருந்துச்சு. நல்ல விஷயம்தான், ஆனா மானியம் ஒரு நாள் முடியும்.

கோவை மாவட்டம் ஓடந்துறை பஞ்சாயத்து வேற வழியில போச்சு. தலைவரா இருந்தவர் சண்முகம், 1996லேர்ந்து 2006 வரைக்கும். 2003ல குடிதண்ணி மோட்டார் ஓட்ட, மரக்கழிவை எரிவாயுவாக்கி 9 கிலோவாட் மின்சாரம் எடுத்தாங்க. 2006ல 350 கிலோவாட் காத்தாலை ஒண்ணு வாங்கினாங்க. விலை சுமார் 1 கோடியே 55 லட்சம். பஞ்சாயத்து சேமிச்சு வச்ச 40 லட்சம் போக, மீதி பேங்க் கடன். ஊர்த் தேவை போக மிஞ்சின மின்சாரத்தை மின்வாரியத்துக்கு வித்து, அந்த வருமானத்துல கடனை அடைக்கிற ஏற்பாடு. அந்தக் காத்தாலை ஒரு சாவா மூவாப் பேராடு இல்லையா?

குப்பை அவ்வளவு சுலபமில்லைங்க. மக்கின உரத்தை வித்தா கூலிக்குக் காணாது. அதுக்கு வீட்டு வரியோ, வேற எங்கேர்ந்தாவது நிலையான வருமானமோ வேணும். அதனால ஒரு திட்டம் வரும்போது "யார் தர்றாங்க"ன்னு கேக்கறதோட நிறுத்தாம, "ஆறாவது வருஷம் யார் கட்டுவாங்க, கணக்கை யார் படிப்பாங்க"ன்னும் கேக்கணும்.

கேக்கறதுக்கு இடமும் இருக்கு. தமிழ்நாட்டுல கிராம சபை 2022லேர்ந்து வருஷத்துக்கு ஆறு தடவை. உத்திரமேரூர்ல ஓலை கிடைக்காதவங்களுக்கும் அங்க குரல் உண்டு. அடுத்த தடவை போய் உக்காருங்க, வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்க.