கணினி திறந்ததும் தமிழ்

கணினிக்குள் நுழைந்தவுடன் சில நிரல்கள் யாரும் அழைக்காமலே இயங்கத் தொடங்கும் ஏற்பாடு பழையது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், பயனர் கடவுச்சொல்லைத் தந்ததும் அவருடைய ‘புரொஃபைல்’ கோப்பிலிருந்த கட்டளைகள் நிறைவேறின. டாஸ் கணினிகளில் ‘ஆட்டோஎக்ஸெக்’ கோப்புக்கு அந்த வேலை. அங்கே நுழைவு என்று ஒன்றில்லை. கணினியைப் போட்டாலே போதும்.

அக்கோப்பின் உயிர் வரிசையில் இருந்தது. மேல்வரி முதலில் ஓடும், அடுத்தது காத்திருக்கும். பழவேற்காடு ஏரியின் ‘பாடு’ முறையும் இத்தகையதே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், எவர் எப்போது எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்று முன்கூட்டியே சீட்டுப் போட்டு வகுத்துக்கொண்டார்கள். வகுத்தபின் முறை தானாக நடக்கும். ஏரியில் இறங்கும் வேளையில் வழக்கு எழாது.

1992இல் வந்த விண்டோஸ் 3.1 ‘ஸ்டார்ட்அப்’ என்ற தொகுதியைத் தந்தது. அதில் வைத்த நிரல்கள் தானாகத் தொடங்கின. விண்டோஸ் 95, கடிகாரத்தின் அருகே சின்னங்கள் அமரும் இடத்தையும் சேர்த்தது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் அமர்ந்திருக்க அந்த மூலை பெரிதும் உதவியது.

தட்டச்சு மென்பொருள் விசையை இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றுகிறது. அது முன்பே விழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘அம்மா’ என்று அடிக்க நினைத்தவர் திரையில் ஆங்கில எழுத்துகளே விழும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பின்னர் வந்த அழகி, எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என ஒவ்வொன்றும் தமிழர் கணினிகளில் இடம்பிடித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையும் இத்தகைய மென்பொருள்கள் வழியாகவே பரவியது. தொடக்கப் பட்டியலில் அவற்றைச் சேர்த்துவைத்தவருக்குக் கணினியைத் திறந்ததும் தமிழ் ஆயத்தமாக இருந்தது. பிற நிரல்களுக்கு இது வசதி. தமிழில் எழுதுவோருக்கு அடிப்படைத் தேவை.

பட்டியல் நீண்டால் நுழைவு தாமதமாகும். அதனால் 2012இல் வந்த விண்டோஸ் 8, ஒவ்வொரு நிரலும் தொடக்கத்துக்குத் தரும் சுமையை ‘டாஸ்க் மேனேஜரில்’ காட்டி, வேண்டாததை அங்கேயே நிறுத்த வழிசெய்தது.

2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பு, தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்கு ஒலிப்புமுறை விசைப்பலகைகளை இயங்குதளத்துக்குள்ளேயே தந்தது. அவற்றைப் பயன்படுத்துவோர் தமிழுக்கென்று தனி நிரலைத் தொடக்கப் பட்டியலில் வைக்க வேண்டியதில்லை.