எம்.எச். 370: கடைசியா யாற்ற கை?

2014 மார்ச் 8. கோலாலம்பூரிலிருந்து பீஜிங்குக்கு 239 பேருடன் கிளம்பின மலேசியன் எயார்லைன்ஸ் போயிங் 777, அதிகாலை 1.21 அளவில் றேடார் திரையிலிருந்து மறைந்தது. அபாயச் செய்தி ஒண்டும் வரேல்ல. மலேசியக் கட்டுப்பாட்டு நிலையம் விடைகொடுத்து, வியட்நாம் பொறுப்பெடுக்க இருந்த சின்ன இடைவெளி அது. தற்செயல் எண்டு நம்பக் கஷ்டமாத்தான் இருக்கு.

இராணுவ றேடாரோ வேறு கதை சொன்னது. விமானம் திரும்பி, மலேசியாவைக் குறுக்கே கடந்து, 2.22 வரை மலாக்கா நீரிணைக்கு மேலால் பறந்திருக்கிறது. அதற்குப் பிறகும் காலை 8.19 வரை ஒரு செய்மதியோடு சமிக்ஞை பரிமாறியிருக்கிறது. அந்தச் சமிக்ஞைகளைக் கணக்குப் பார்த்துத்தான் தென் இந்து சமுத்திரம் என்றார்கள்.

கசகஸ்தானுக்குக் கடத்தினாங்கள் எண்டும் ஒரு கதை உலாவியது. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் சிறகுத் துண்டு கரையொதுங்கியதோடு அது படுத்துவிட்டது. தீப்பிடித்தது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எரியிற பிளேன் ஏழு மணித்தியாலம் பறக்குமா?

மிஞ்சுவது விமானி. அவர் வீட்டுச் சிமுலேற்றரில் தென் இந்து சமுத்திரப் புள்ளிகள் இருந்தது உண்மை. ஆனால் 2018 மலேசிய அறிக்கை, விமானத்தைக் கையால்தான் திருப்பியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, யாருடைய கை என்று சொல்லவில்லை. மூன்றாம் ஆளின் தலையீட்டையும் அது தள்ளிவிடவில்லை. பதில் சொல்ல வரமுடியாத ஒருவரைக் கொலைகாரனாக்க அந்தப் புள்ளிகள் எனக்குக் காணாது.

1,20,000 சதுர கிலோமீற்றர் கடலடியைத் தேடிவிட்டு 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். தரவுப் பதிவுக் கருவியின் இருப்பிடத்தைக் காட்டும் ஒலிக்கருவியின் பற்றரிக்கு 2012 டிசம்பரிலேயே திகதி முடிந்திருந்தது, ஒருவரும் மாத்தேல்ல.